உப்பு மணலில் பொன் தேடி

சென்னை நகரத்தின் தென்பாகத்தில் பொன்னும் கடலும் நாலைந்து மைல் தூரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. தியாகராய நகரத்து உஸ்மான் சாலையில் காலையில் எடை போட்டு வாங்கிய சங்கிலி, மாலையில் பெசன்ட் நகர்க் கடலலையில் நனைவது இங்கே அபூர்வமான சம்பவமன்று. புதுமணத் தம்பதிகளும், காது குத்திய குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் பாட்டிமாரும், விடுமுறை நாட்களில் வெளியூர்களிலிருந்து வந்து சேரும் குடும்பங்களும் பூண்ட ஆபரணத்தோடேயே அலையில் இறங்குகிறார்கள். கழுத்தில் கிடப்பதைக் கழற்றி வைத்துவிட்டு வருவது மங்கலக் குறைவு என்ற எண்ணம் நம்மவர்களிடம் ஆழ வேரூன்றியது. மயிலாப்பூரில் மாசிக் கடலாட்டு ஏழாம் நூற்றாண்டிலேயே பிரசித்தமாக நடந்து வந்தது என்பதைத் திருஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகத்தால் அறிகிறோம். ஆகவே இந்தக் கரையில் ஜனங்கள் பொன் பூண்டு நீராடி வருவது ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்குக் குறையாத வழக்கம்; இழந்து வருவதும் ஏறக்குறைய அவ்வளவு பழையதாகவே இருக்க வேண்டும்.

மயிலாப்பூரில் வசிக்கும் என் நண்பர் ஒருவர், பொறியியல் துறையில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், தம் தங்கை மகளின் சங்கிலி கடலோடு போனது முதல், இவ்விதம் இழந்தவர்களுக்குத் தேடிக் கொடுப்பதற்கென்றே ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்குவதென்று சங்கற்பம் செய்துகொண்டார். எந்தக் கருவியை வாங்குவது என்பதில்தான் அவருக்குத் தயக்கம். வாங்குவதற்கு முன்னால் கரையைப் பார்த்துவிட வேண்டும், கடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கொள்கை. அது சரியான கொள்கை என்று எனக்கும் பட்டதால், இரவல் வாங்கிய இரண்டு கருவிகளைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட அவரோடு நானும் பிரயாணமானேன்.

முதலில் அவர் அழைத்துப் போனது கடற்கரைக்கு அல்ல, தியாகராய நகரத்துக்கு. பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள நகைக்கடைகளில் எதுவும் வாங்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பது சற்றுச் சங்கடமான காரியம் என்றாலும், தேடப்போகிற பொருள் எப்படிப்பட்டது என்று தெரியாமல் தேடும் சாதனத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது என்ற அவருடைய வாதத்தில் நியாயம் இருந்தது. மேல்நாட்டுக் கடற்கரைகளில் மணலில் விழுவது பெரும்பாலும் மோதிரம். அதுவும் பத்து, பதினான்கு காரட் பொன், இல்லாவிட்டால் பிளாட்டினம். இங்கேயோ 916 முத்திரை பெற்ற இருபத்திரண்டு காரட் பொன்; அதிலும் பெரும்பகுதி சங்கிலி. இந்த வித்தியாசம் மிகவும் முக்கியமானது. முழு வட்டமாக மூடிய மோதிரத்தில் கருவி எழுப்பும் மின்னோட்டம் தங்கு தடையின்றிச் சுற்றி வரும். ஆகையால் அது உரக்கக் குரல் கொடுக்கும். ஒன்றரைப் பவுன் எடையுள்ள மெல்லிய சங்கிலியிலோ ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிக் குட்டி வளையம். மின்னோட்டம் அந்தக் கண்ணிக்குள்ளேயே சுழன்று அடங்கிவிடுகிறது. எடை அதிகமாயிருந்தும் குரல் கேட்பதில்லை. தாலிக்கொடியில் கோத்த காசும் குண்டும், சங்கிலியின் முனையில் உள்ள கொக்கியுமே பல சமயம் மொத்த நகையையும் காட்டிக் கொடுக்கின்றன.

இந்தக் கருவியின் தத்துவம் பழையது. கம்பிச் சுருள் ஒன்றில் மாறுமின்னோட்டத்தைச் செலுத்தினால் அதைச் சுற்றி மாறுகிற காந்தப் புலம் உண்டாகிறது. அந்தப் புலத்தில் அகப்பட்ட உலோகத்தில் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அது எழுப்பும் எதிர்ப் புலத்தை இன்னொரு சுருள் ஏற்றுச் சப்தமாக மாற்றுகிறது. 1881ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலில் புதைந்த குண்டைக் கண்டுபிடிக்க அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் இவ்விதக் கருவி ஒன்றைச் செய்து முயன்று பார்த்தார், பலிக்கவில்லை. படுக்கையின் எஃகுக் கம்பிகள் அதைக் குழப்பிவிட்டன என்று சொல்வார்கள். வேண்டாத இரும்பின் மத்தியில் வேண்டிய உலோகத்தைப் பிரித்தறிவது எப்படி என்ற பிரச்னை, பாருங்கள், கருவி பிறந்த அன்றே பிறந்துவிட்டது. பிறகு இரண்டாம் உலக யுத்தத்தில் கண்ணி வெடிகளைத் தேட அது உதவிற்று; யுத்தம் முடிந்தபின் பொழுதுபோக்காகக் கடற்கரைக்கு வந்தது. கடற்கரைக்கு வந்ததும் அதற்கு இரண்டு புதிய சத்துருக்கள் முளைத்தன.

அவற்றை நேரில் காண்பதற்குச் சாந்தோமைத் தாண்டிப் பட்டினப்பாக்கத்துக்குப் போனோம். மெரினாவை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். நண்பர் சொன்ன காரணம் யோசிக்கத் தக்கது. மெரினாவின் அகன்ற மணற்பரப்பு ஆதியிலிருந்தே இருந்ததன்று. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டித் தொடங்கிய துறைமுகத்தின் சுவர்கள், 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து மறுபடி எழுந்து, தெற்கேயிருந்து கரையோடு நகர்ந்து வரும் மணலை மறித்ததால், ஆண்டுக்காண்டு மணல் சேர்ந்து கடல் பின்வாங்கியது. வடக்கே இராயபுரத்தையும் திருவொற்றியூரையும் கடல் அரித்தது இதே காரணத்தால்தான். ஆகவே மெரினாவில் விழுந்தது நாளுக்கு நாள் புதைந்துகொண்டே போகிறது. எந்தக் கருவிக்கும் எட்டாத ஆழத்துக்குப் போய்விடுகிறது. பட்டினப்பாக்கத்திலும் சீனிவாசபுரத்திலும் நிலைமை வேறு. அங்கே கடல் கரையைத் தின்கிறது. வீடுகளையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். புதைந்ததை அகழ்ந்து வெளியே கொண்டுவரும் கடல் அது.

எங்களிடம் இருந்த இரண்டில் ஒன்று, ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் ஒற்றை அதிர்வெண் கருவி. உலர்ந்த மணலில் அது ஒழுங்காகவே வேலை செய்தது. ஈர மணலில் கால் வைத்ததும் முனகத் தொடங்கியது. அலை வந்து காயிலை, அதாவது கம்பிச் சுருளை, நனைத்து மீள்கிற ஒவ்வொரு தடவையும் ஓயாமல் கத்தியது. கடல்நீரில் கரைந்த உப்பு அதை மின்கடத்தியாக்கிவிடுகிறது. காயிலின் கீழே பரந்து கிடக்கும் உப்பு நீர் முழுவதும் ஒரு மெல்லிய உலோகத் தகடாகவே கருவிக்குத் தோற்றுகிறது. அந்தத் தோற்றமோ சிறு பொன் நகைகள் காட்டும் அடையாளத்துக்கு மிகவும் அருகில் விழுகிறது. உப்பை விலக்கும்படி கருவியைத் திருத்தினால் பொன்னும் கூடவே விலகிவிடும். இது முதற் சத்துரு.

இரண்டாவது கருமணல். நம் கடற்கரையில் அலை அரித்த இடங்களில் கறுப்பும் செம்மையுமாக மணல் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இல்மனைட், மாக்னடைட், கார்னெட் முதலிய கன தாதுக்கள் அவை. காந்த சுபாவமுள்ள மாக்னடைட் உப்புக்கு நேர் மாறான திசையில் கருவியை இழுக்கிறது. காயிலைத் தரையை நோக்கி ஏற்றி இறக்கி மண்ணின் குரலை அடக்குவதற்கு ஒரு முறை உண்டு. ஆனால் ஒற்றை அதிர்வெண்ணில் ஏதாவது ஒரு குரலைத்தான் அடக்கலாம். கருமணலுக்குச் சரிசெய்தால் உப்பு கத்தும். உப்புக்குச் சரிசெய்தால் கருமணல் கத்தும். அறியாத கணியம் இரண்டு இருக்கச் சமன்பாடு ஒன்று மட்டும் இருந்தால் விடை காண முடியாதென்பது பள்ளிக்கூடக் கணக்கு. ஒரே சமயத்தில் பல அதிர்வெண்களை அனுப்பும் கருவிகள் செய்வது அந்த இரண்டாவது சமன்பாட்டைச் சேர்ப்பதுதான். தாழ்ந்த அதிர்வெண்ணில் உப்பின் குரல் தணிந்தும், உயர்ந்த அதிர்வெண்ணில் ஓங்கியும் கேட்கிறது. பொன் வேறு விகிதத்தில் மாறுகிறது. இரண்டையும் ஒப்பிட்டு உப்பைக் கழித்துவிடலாம். ஆஸ்திரேலியாவின் மைன்லேப் கம்பெனியார் எக்ஸ்காலிபர் என்ற நீர்முழுகுக் கருவியில் 1.5 முதல் 25.5 கிலோஹெர்ட்ஸ் வரை பதினேழு அதிர்வெண்களைக் கையாண்டார்கள். 2018இல் வெளிவந்த அவர்களுடைய ஈக்வினாக்ஸ் 800 இதே வழியில் மேலும் முன்னேறியது. பிரான்ஸ் தேசத்து எக்ஸ்பி டியூஸ் 2, துருக்கியின் நோக்டா லெஜண்ட் ஆகியவையும் இந்த ஜாதியைச் சேர்ந்தவையே.

மூன்றாவது ஜாதி ஒன்று உண்டு. துடிப்புத் தூண்டல் முறை. இதில் காயிலுக்கு ஒரு துடிப்பு மின்சாரம் கொடுத்து, சட்டென்று நிறுத்தி, சில மைக்ரோ வினாடிகள் மௌனமாயிருந்து பிறகே காது கொடுத்துக் கேட்கிறார்கள். உப்பு நீரில் எழுந்த மின்னோட்டம் அந்த மௌனத்துக்குள் செத்துப்போகும். கருமணலும் அதிகம் தொந்தரவு செய்யாது. பருத்த மோதிரம் மட்டும் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் கராட் கம்பெனி செய்யும் ஸீ ஹன்டர் மார்க் 2 இந்த முறையில் இருநூறு அடி ஆழ நீர் வரையில் இயங்குவது. ஆழத்தில் இதை வெல்ல வேறு முறை இல்லையென்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். கேட்பதற்கு இதுவே நமக்கு உகந்தது என்று தோன்றும். ஆனால் இரண்டு ஆட்சேபங்கள். மெல்லிய சங்கிலியின் மின்னோட்டமும் உப்பைப் போலவே சீக்கிரம் அடங்குவதால், அந்த மௌனத்தில் சங்கிலியும் தொலைந்துபோகிறது. நம் தேசத்தில் தேடப்படுவதோ சங்கிலி. இரண்டாவது, இரும்பு எது பொன் எது என்று இந்தக் கருவி சொல்வதில்லை. விநாயக சதுர்த்தி கழிந்ததும் பட்டினப்பாக்கத்துக் கடலில் கரைக்கப்படும் பிரதிமைகளின் ஆணிகளும் கம்பிகளும், படகுத் துண்டுகளும், தூண்டில் முட்களும், சோடா மூடிகளும் நிறைந்த இந்த மணலில் ஒவ்வொன்றுக்கும் குழி தோண்டினால் மனிதன் தளர்ந்துபோவான். ஆகவே ஜனநடமாட்டமுள்ள இந்த நகரக் கரைக்குப் பல அதிர்வெண் கருவியே தகுந்தது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அங்கிருந்து அடையாற்று முகத்துவாரத்தைச் சுற்றிக்கொண்டு, பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கு அப்பால் உள்ள ஊரூர் ஆல்காட் குப்பத்துக்கு வந்தோம். உடைந்த பாலம் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் தெரிந்தது. படகு நிழலில் உட்கார்ந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், எங்கள் கையிலிருந்த யந்திரத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, என்ன தேடுகிறீர்கள் என்று விசாரித்தார். சொன்னோம்.

“எந்த எடத்துல கடல் பொருளைப் போடும், பெரியவரே?” என்று நண்பர் கேட்டார்.

“வாடை அடிச்சு மேல் மண்ணை இழுத்துக்கினு போச்சுன்னா கருமண்ணு தலை காட்டும் சார். வலையிலேர்ந்து அறுந்த ஈயக்குண்டு எங்க ஒதுங்கிக் கெடக்குதோ அங்கதான் பொன்னும் கெடக்கும். வெள்ளை மண்ணு வந்து மூடிக்கிச்சுன்னா நீங்க எந்த மிஷினைக் கொண்டாந்தாலும் பிரயோசனமில்ல.”

நூல்களைப் புரட்டி அறிய வேண்டிய விஷயத்தை அந்த முதியவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். வெள்ளை மணலான படிகக்கல் தண்ணீரைவிட இரண்டேமுக்கால் மடங்குக்கும் சற்றுக் குறைந்த கனமுள்ளது, கார்னெட் சுமார் நான்கு மடங்கு, இல்மனைட் நாலேமுக்கால், ஈயம் பதினொன்றுக்கு மேல், இருபத்திரண்டு காரட் பொன் பதினேழுக்கு மேல். அலையோ, முறத்தில் அரிசி புடைக்கும் கைதேர்ந்த பெண்மணியைப் போல, இலேசானதை அப்புறப்படுத்திக் கனத்ததை ஓரிடத்தில் ஒதுக்கிவிடுகிறது. அலுமினியத் தாள்கள் ஓரிடத்திலும் ஈயக்குண்டுகள் வேறிடத்திலும் கிடப்பதைக் காணும் தேர்ச்சி பெற்ற கண், பாதி வேலையைக் கருவி இல்லாமலே முடித்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கரையை அரிக்கும்போது கீழ்த்தட்டு வெளிப்படுகிறது; பங்குனிக்கு மேல் மணல் வடக்கு நோக்கித் திரும்பி வந்து மூடுகிறது. 2020 நவம்பரில் நிவர் புயல் கடந்தபின் ஆந்திராவில் உப்பாடா கடற்கரையில் மக்கள் சிறு பொன்மணிகளைப் பொறுக்கியெடுத்தது இதே நியதியின்படிதான்.

மேல்நாட்டு நூல்கள் கடல் வற்றும் வேளையில் வெளிப்படும் அகன்ற ஈர மணலில் தேடச் சொல்கின்றன. அந்த உபதேசம் இங்கே அப்படியே செல்லாது. இங்கிலாந்தின் கரைகளில் கடல் பல மீட்டர் ஏறி இறங்குகிறது. சென்னையிலோ பௌர்ணமி, அமாவாசைக்குக்கூட ஒரு மீட்டர் அளவுதான். அது தவிர, நம்மவர்கள் நீந்துவதற்காக உள்ளே போகிறவர்களும் அல்லர். வெயில் காய மணலில் படுக்கிறவர்களும் அல்லர். கைகோத்து நின்று, முழங்காலிலும் இடுப்பிலும் அலை மோத விட்டுச் சிரிப்பவர்கள். அலை திரும்பும்போது சங்கிலிக் கொக்கி அறுந்து விழுவது அலையும் கரையும் சேரும் அந்தக் குறுகிய பட்டையில்தான்; காயில் ஒரு நொடி நீரிலும் மறு நொடி காற்றிலும் இருக்கவேண்டிய, எந்தக் கருவிக்கும் மிகக் கடினமான பட்டை. ஆகையால் காயில் மட்டும் நனையத் தாங்கும் கருவி போதாது. கட்டுப்பாட்டுப் பெட்டியும் முழுகத் தாங்க வேண்டும். ஈக்வினாக்ஸ் 800 மூன்று மீட்டர் வரையில் தாங்கும். அதற்குமேல் ஆழம் நமக்கு வேண்டியதுமில்லை, இறங்குவது உசிதமுமில்லை. பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் கார்ல் ஷ்மிட் ஞாபகச் சின்னம், முங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய் 1930இல் உயிர் நீத்த டேனிஷ்காரருக்காக எழுந்தது. அந்தக் கடலின் உள்ளிழுப்பு இன்றும் குறைந்துவிடவில்லை.

அந்தச் சின்னத்துக்குத் தெற்கே, கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்து நண்பர் பரீட்சை நடத்தினார். தம் மோதிரத்தையும், மனைவியாரின் பழைய சங்கிலியையும், வெள்ளி மெட்டி ஒன்றையும் நூலில் கட்டி ஈர மணலில் புதைத்தார். மோதிரமும் மெட்டியும் நல்ல ஆழத்திலிருந்தும் குரல் கொடுத்தன. நீட்டிப் போட்ட சங்கிலி நான்கு விரற்கடையிலேயே மௌனமாகிவிட்டது. அதையே சுருட்டிப் புதைத்தபோது தெளிவில்லாத ஒரு முனகல் கேட்டது. பதக்கத்தைச் சேர்த்ததும் குரல் துலங்கியது. கருவியின் உணர்திறனை உச்சத்தில் வைத்தால் அதிகம் கேட்கும் என்று நினைப்பது இயற்கை; ஆனால் உப்பு மணலில் அதைக் குறைக்கக் குறைக்கத்தான் அந்த முனகல் தனித்துக் காதில் விழுந்தது. காயிலை மணலோடு ஒட்டி, அலைக்கு இணையாக, அவசரமின்றி வீச வேண்டும் என்பதும் அங்கே விளங்கியது. இரண்டு ‘டி’ எழுத்துக்கள் முதுகு ஒட்டினாற்போல் அமைந்த காயில் ஒரு மெல்லிய கோட்டளவு மண்ணை மட்டுமே ஒரு தடவையில் பார்ப்பதால் கருமணலில் அதுவே நன்மை செய்கிறது.

இரும்பை விலக்கும் வசதி பற்றி ஒரு எச்சரிக்கை. 1992 முதல் நம் ஒரு ரூபாய் நாணயம் காந்தம் ஒட்டுகிற துருப்பிடிக்காத எஃகில் அடிக்கப்படுகிறது. ரயில் பாலங்களின் கீழே சிறுவர்கள் கயிற்றில் காந்தம் கட்டிக் காசு எடுப்பது அதனால்தான் சாத்தியமாகிறது. மேல்நாட்டார் சொல்கிறபடி இரும்பு முழுவதையும் விலக்கிவிட்டால் ரூபாய்களும் விலகிப்போகும். பொன் ஒன்றுதான் குறி என்றால் பாதகமில்லை. ஆனால் காசு விழுந்த இடந்தான் ஜனங்கள் நின்ற இடம். அந்தக் காசின் குரலை வழிகாட்டியாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சட்டத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருள். பழைய மயிலைத் துறையும் போர்த்துகீசியரின் சாந்தோமும் இருந்த இந்தக் கரையில் அப்படிப்பட்ட காசு அகப்படுவது அசாத்தியமன்று; அகப்பட்டால் அது நம்முடையதன்று. நேற்று விழுந்த சங்கிலிக்கும் சொந்தக்காரர் உண்டு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, கண்டெடுத்தவனை அப்பொருளின் பாதுகாவலனாகவே கருதுகிறது. நண்பர் இதைக் கேட்டு மனம் மகிழ்ந்தார். அவர் கருவி வாங்க நினைத்ததே அதற்காகத்தானே.

இன்னொரு கடமையும் இருக்கிறது. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி உலர்ந்த மணலில் முட்டையிடுகின்றன. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைக் காக்கிறார்கள். ஒரு முழ ஆழத்தில் இருக்கும் முட்டைக் குழியைக் கருவி காட்டாது, மண்வாரி உடைத்துவிடும். ஆகவே அந்த மாதங்களில் உலர் மணலைத் தொடாமல், பகலில், அலை நனைக்கும் பட்டையோடு நிறுத்திக்கொள்வதென்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

கடைசியில் நண்பர் பல அதிர்வெண் கருவி ஒன்றையே, பதினோரு அங்குலக் காயிலோடு, ஆணிகள் மலிந்த குப்பத்துக் கரைக்கென்று ஆறு அங்குலச் சிறு காயிலையும் சேர்த்து வாங்கத் தீர்மானித்தார். நீண்ட கைப்பிடியும் துளைகளும் வைத்த எஃகு மண்வாரி ஒன்றை உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யக் கொடுத்தார். துளையின் அளவைப் பற்றி மட்டும் வெகுநேரம் யோசித்தார்: தோட்டின் திருகாணி நழுவாத அளவுக்குச் சிறிதாக்கினால் அடுத்த அலை வருவதற்குள் ஈர மணல் வடியாது; மணல் வடியும் அளவுக்குப் பெரிதாக்கினால் திருகாணி போய்விடும். கடைசியில் திருகாணியை விட்டுக் கொடுத்து, தோடு நிற்கிற அளவைக் காகிதத்தில் வரைந்து பட்டறைக்காரரிடம் கொடுத்தார்.